கிளம்பும் முன்பே இறங்கியவன்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் (இன்னும் அந்தப் பதவியில் நீடிப்பதாகவே நம்புகிறேன்) வணங்கி எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதப் பேனா கூசுகிறது. அங்கே நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள், சாப்பாட்டில் உப்பில்லை என்று நர்சோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. நெஞ்சில் தையல் போட்டவர்கள் பலமாகச் சிரிக்கக் கூடாது, கோபமும் படக் கூடாது என்கிறார்கள். இந்தக் கடிதத்தில் இரண்டுக்குமே இடமிருக்கிறது. ஆகவே தையல் ஆறிய பிறகு படித்தால் போதும். அதற்கு முன்பே படித்தாக வேண்டும் என்றால் உங்களைக் கட்டிக்கொண்ட அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்கவும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "பரவாயில்ல விடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிடுவீர்கள். அதை என்னால் தாங்க முடியாது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். பரவாயில்லை என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நடந்ததை உங்கள் தங்கை ஒரே சொல்லில் சொல்லியிருப்பாள்: "இறங்கிட்டார்." உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதையும் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார்?

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்று நீங்கள் போன் செய்தபோது, உங்கள் தங்கை அழுதுகொண்டே, "நாங்க ரெண்டு பேரும் வர்றோம்ண்ணா" என்றாள். நானும் பக்கத்தில் நின்று, "ஆமா மச்சான், கண்டிப்பா வர்றோம்" என்று சொன்னேன். நாக்கு முந்திக்கொண்டது. போனை வைத்த பிறகுதான் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கடல் கிடப்பது உறைத்தது. இத்தனை வருடமாக விமானத்தில் ஏறாமலே எப்படியோ ஓட்டிவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் முதல் தடவை கூப்பிட்டபோது காதில் சீழ் என்றேன். காதில் அப்போது ஒன்றுமே இல்லை. இரண்டாம் தடவை கம்பெனியில் லீவு இல்லை என்றேன். கம்பெனியில் லீவு எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை எந்தச் சாக்கும் வாயில் வரவில்லை. நெஞ்சைத் திறக்கப் போகிற மனிதரிடம் காதைக் காட்ட முடியுமா?

டிக்கெட் போடுகிற கடைக்குப் போய், கப்பல் ஏதாவது உண்டா என்று மெதுவாக விசாரித்தேன். அங்கே இருந்த பெண், "சரக்குக் கப்பல் இருக்கு சார், நீங்க சரக்காப் போறீங்களா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன் மச்சான், சத்தியமாக யோசித்தேன்.

நீங்கள் கேட்கலாம்: இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறவனுக்கு உயரத்தில் என்ன பயம் என்று. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். உயரம் எனக்குப் பழக்கம்தான். கீழே இருட்டுக் குழி, பக்கத்தில் எண்ணெய் பிசுபிசுக்கும் தண்டவாளம், நான் பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு போல்ட்டு முடுக்குவேன். ஏனென்றால் மேலே கயிறு இருக்கிறது. ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்கும். எல்லாமே அறுந்தாலும் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த ஒரு கிடுக்கி இருக்கிறது. விமானத்துக்கு மேலே என்ன இருக்கிறது? வானம். அதில் எதைக் கட்டுவது?

சரி, பயத்தை வென்றே தீருவது என்று முடிவு செய்தேன். என்னோடு வேலை செய்கிற ஒருவன் இருக்கிறான், எந்நேரமும் கை கறுப்பாக இருப்பதால் 'கிரீஸ்' என்று பெயர். அவன்தான், "அண்ணே, தெரியாததுதான் பயம். விமானம் எப்படிப் பறக்குதுன்னு போன்ல வீடியோ பாருங்க, பயம் தானா ஓடிடும்" என்றான். பார்த்தேன். இறக்கைக்குக் கீழே காற்று எப்படி அழுத்துகிறது என்று ஒரு வெள்ளைத் தாடிக்காரர் அழகாகச் சொன்னார். நம்பிக்கை வந்தது. அந்த வீடியோ முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததை எடுத்துக் காட்டியது. அது விழுந்த விமானம் ஏன் விழுந்தது என்கிற வீடியோ. அதன் கதை அத்தனை விறுவிறுப்பாக இருந்ததால் அடுத்ததையும் பார்த்தேன். ஒரு வாரத்தில் விமானம் எப்படிப் பறக்கிறது என்பது எனக்கு மறந்துபோய், எப்படியெல்லாம் விழும் என்பது மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. உங்கள் தங்கை போனைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

பிறகு அவளே விசாரித்து ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். பயத்துக்கென்றே படித்தவராம். நல்ல மனுஷி. கண்ணை மூடிக்கொண்டு எனக்கு மிகவும் நிம்மதியான ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். நினைத்தேன். "எங்க இருக்கீங்க? கடற்கரையா, தோட்டமா?" என்று கேட்டார். "லிஃப்ட் மோட்டார் ரூம்ல இருக்கேன் டாக்டர்" என்றேன். "சரி, அங்கயே இருங்க" என்றார். மூச்சுப் பயிற்சி ஒன்றும் கொடுத்தார். நான்கு எண்ணும்வரை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு பழகினேன். மூன்றாவது மூச்சிலேயே ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து, "உக்காருங்கப்பா, முடியலன்னா ஏன் தனியா வர்றீங்க?" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல மூச்சு மிச்சமில்லாததால் உட்கார்ந்தேன். ஒரு பஸ் ஜனமே என்னை முறைத்தது.

மாத்திரையும் கொடுத்திருந்தார். ஒன்று போட்டால் பயம் மந்தமாகி நல்ல தூக்கம் வரும் என்றார். லீவு நாளில் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்தவன் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கண் திறந்தேன். அருமையான மாத்திரை. இனி எனக்கும் விமானத்துக்கும் எந்தப் பகையும் இல்லை, ஏற்றினால் ஏறுவேன், இறக்கினால் இறங்குவேன் என்று உங்கள் தங்கையிடம் பெருமையடித்தேன். அவளும் அன்றைக்குத்தான் பெட்டி அடுக்கத் தொடங்கினாள்.

பயண நாள் வந்தது. சோதனைச் சாவடியில் என் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பேனர், இரண்டு திருப்புளி, லிஃப்ட் கதவு திறக்கிற முக்கோணச் சாவி எல்லாம் வெளியே வந்தன. வேண்டுமென்று எடுத்துப் போகவில்லை மச்சான். உங்களுக்குச் சட்டைப் பையில் கண்ணாடி இருப்பதுபோல எனக்கு அவை. "இதெல்லாம் எதுக்கு?" என்று அந்த அதிகாரி கேட்டார். "அவசரத்துக்கு" என்றேன். "உள்ள என்ன அவசரம் வரும்னு நினைக்கிறீங்க?" என்றார். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கியது.

ஏறச் சொல்லி அறிவிப்பு வந்ததும், டாக்டரம்மா சொன்னபடியே மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். போட்டு வாய் துடைப்பதற்குள் இன்னோர் அறிவிப்பு: விமானம் தாமதமாம். எவ்வளவு தாமதம் என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்குக் கண் சொருகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் தங்கை சொல்லித்தான் தெரியும். நான் வாயைப் பிளந்துகொண்டு அவள் தோளில் சாய்ந்து தூங்கினேனாம். யாரோ ஒரு குழந்தை என் வாயில் பிஸ்கட் வைத்துப் பார்த்ததாம். அவள் பாத்ரூமுக்குக்கூட எழுந்து போகாமல், மரத்துப்போன தோளோடு அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். நேரம் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் "வாங்க" என்று கூப்பிட்டார்களே, அந்த வினாடியில் நான் விழித்தேன். எப்படி விழித்தேன் தெரியுமா? குளித்துவிட்டு வந்தவன்போல. இவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் நான் விழித்திருந்ததே இல்லை. வாங்கின மாத்திரையின் பலனெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் செலவாகிவிட்டது. இன்னொன்று போடலாம் என்றால், ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். உங்கள் தங்கை டப்பியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

எனக்குக் கிடைத்தது ஜன்னல் இடம், அதுவும் இறக்கைக்கு நேராக. மாற்றிக்கொள்ளலாம் என்று அவளிடம் கேட்டேன். "எனக்கு வெளிய பார்த்தா தலை சுத்தும், நீங்களே இருங்க" என்றாள். நான் மூச்சு இழுத்தேன், விட்டேன், மோட்டார் ரூமுக்குப் போனேன், திரும்பி வந்தேன். எல்லாம் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. அப்போது அந்த இறக்கையிலிருந்து ஒரு பலகை தானாக வெளியே நீண்டது. நீண்டு, அப்படியே தொங்கியது. அடியிலிருந்து நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வேறு.

நான் தொழில்காரன். சத்தம் கேட்டால் சும்மா இருக்க முடியாது. அந்தப் பக்கம் வந்த பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, "அம்மா, றெக்கையில ஒரு பலகை சரியா மூடல. சத்தமும் சரியில்ல" என்றேன். அந்தப் பெண் அழகாகச் சிரித்து, "அது அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மச்சான், உங்களிடம் மறைப்பானேன்? லிஃப்டில் ஏதோ உறுமுகிறது, என்ன கோளாறு என்று எங்களுக்கே பிடிபடவில்லை, வீட்டுக்காரர்களோ தலைமேல் நின்று கேள்வி கேட்கிறார்கள் என்றால், நாங்கள் என்ன சொல்லிச் சமாளிப்போம் தெரியுமா? இதே வார்த்தையைத்தான். "அது அப்படித்தான் சார்." இதே சிரிப்போடு. எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்! அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உள்ளுக்குள் எல்லாம் அறுந்துவிட்டது. எப்போது பெல்ட்டை அவிழ்த்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

உங்கள் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏங்க, உக்காருங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

"நீயும் எழுந்திரு. இறங்கிடலாம். நான் கப்பலுக்குக் கேட்டு வச்சிருக்கேன்."

"கப்பலா? நாளன்னைக்கு எங்கண்ணன் நெஞ்சைத் திறக்கப் போறாங்க. கப்பல் எப்பப் போய்ச் சேரும்?"

என் கால் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட ஒருவேளை உட்கார்ந்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகக் கையை விட்டாள். "முடியலன்னா இறங்கிக்கங்க. நான் போறேன்" என்றாள். அவ்வளவுதான். அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாவது இறங்கியிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை.

இறங்குவது அவ்வளவு சுலபம் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆள் இறங்கினால் அவனுடைய பெட்டியும் இறங்க வேண்டுமாம். விமானத்தின் வயிற்றுக்குள் அடுக்கி வைத்த அத்தனை பெட்டிகளையும் கலைத்து என் பெட்டியைத் தேடினார்கள். ஏற்கெனவே தாமதமான விமானம் என் புண்ணியத்தில் இன்னும் தாமதமானது. கீழே வெயிலில் நான் நிற்க, மேலே வரிசையாக ஜன்னல்களில் முகங்கள். ஒவ்வொரு முகமும் என்ன திட்டுகிறது என்று உதட்டசைவிலேயே புரிந்தது. கடைசியில் என் பெயர் ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் அதற்குள் முழுக்க உங்கள் தங்கையின் உடுப்பு. என் சட்டைகள், லுங்கி, சவரச் சாமான் எல்லாம் அவள் பெயர் ஒட்டிய பெட்டியில் உங்கள் ஊருக்கு வந்துவிட்டன. அவள் இப்போது அக்காவின் உடுப்பைக் கட்டிக்கொண்டு வளைய வருகிறாள் என்று தெரியும். அக்காவிடம் என் மன்னிப்பைச் சொல்லவும். லுங்கிகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆபரேஷன் ஆனவருக்குத் தளர்வாக இருக்கும்.

விமானம் கிளம்பும்போது நான் கட்டடத்துக்குள் வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் எந்த ஜன்னல் என்று அங்கிருந்து தெரியவில்லை. அதனால் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கையாட்டினேன். அது ஓடியது, மூக்கைத் தூக்கியது, ஒன்றும் ஆகாததுபோல எழும்பிப் போய்விட்டது. அந்தப் பலகை உள்ளே போயிற்றா என்று பார்ப்பதற்குள் மேகத்தில் மறைந்துவிட்டது. பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "யாரை அனுப்பி வச்சீங்க?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரியை" என்றேன். "பாவம், கூடப் போக உங்களுக்கு டிக்கெட் கிடைக்கலியா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பொய்யையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். முட்டையை வேகவைத்துவிட்டு மறந்துபோய், பாத்திரம் கருகி, புகை மணி அலறி, மேல்மாடிக்காரர் வாளியோடு ஓடிவந்தார். அவள் பக்கத்துத் தலையணையில் யாரும் படுக்காததால் அது உப்பலாக இருக்கிறது, பார்க்கவே பிடிக்கவில்லை. குத்திக் குத்திப் பள்ளமாக்கி வைத்திருக்கிறேன். உங்கள் ஆபரேஷன் அன்று முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவள் கூப்பிட்டாள். "முடிஞ்சுது. நல்லா இருக்கார்" என்றாள். நான் பேச வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தனியாக உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போதெல்லாம், நான் எழுந்த அந்த இருக்கையில் என்னைக் கட்டிப்போட யாரும் இல்லாமல் போனார்களே என்றிருக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே ஓர் அம்மா மாட்டிக்கொண்டு கதவைத் தட்டித் தட்டி அழுதுகொண்டிருந்தார். இது எனக்கு அன்றாடம் நடப்பதுதான். கிரீஸ் மேலே போய் மோட்டாரைப் பார்ப்பான், நான் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பேன். வழக்கம்போல ஆரம்பித்தேன்: "பயப்படாதீங்கம்மா. நான் இங்கதான் நிக்கிறேன். உங்களை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்."

அவ்வளவுதான் மச்சான். அந்த வார்த்தையை முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். ஒருவரையும் பாதியில் விட்டதில்லை. சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லவில்லையே என்று நினைத்ததும் கதவில் நெற்றியை வைத்து அழுதுவிட்டேன். உள்ளே அழுகை நின்றது. "யாரு அழுறது?" என்று குரல் வந்தது. "மெக்கானிக்கும்மா" என்றேன். "ஐயையோ, அவ்வளவு மோசமா மாட்டியிருக்கேனா?" என்று அந்த அம்மா இன்னும் பலமாக அலறத் தொடங்கினார். அப்புறம் நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. கதவிடுக்கு வழியாக முழுக் கதையும் கேட்டார். கிரீஸ் லிஃப்டை இறக்கிக் கதவைத் திறந்தபோது அவர் உடனே வெளியே வரவில்லை. "அப்புறம் போன் பண்ணினாங்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தார். "நேரா அந்தப் பொண்ணோட அண்ணனுக்கு எழுதுங்க" என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

ஆகவே எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் இல்லாமல் போனேன். என்னை நம்பி நீங்கள் கைப்பிடித்துக் கொடுத்தவளைத் தனியாக அனுப்பினேன். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் தங்கைக்கு இரும்பு நெஞ்சு. பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் தைரியத்தில் ஒரு துளி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. அடுத்த வாரம் அவளை நல்லபடியாக விமானம் ஏற்றி அனுப்பிவையுங்கள். நானாக இனி ஜென்மத்துக்கும் விமானப் படியில் கால் வைக்கப்போவதில்லை. அந்த ஒன்றை மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்று நீங்கள்தான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். மற்றபடி அவள் எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன். பாத்திரம் தேய்க்கிறேன். மேல்மாடிக்காரருக்கும் தேய்த்துக் கொடுக்கிறேன்.

நீங்கள் இன்னும் நெடுநாள், நெஞ்சில் ஒரு வலியும் இல்லாமல், உப்போடு சாப்பிட்டு வாழ வேண்டும். அக்காவுக்கு என் வணக்கமும் நன்றியும். உங்கள் தங்கைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. விசாரித்ததாக மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது போன் வந்தது. அக்கா பேசினார். உங்கள் தங்கை திரும்பி விமானம் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாளாமே! வரும்போது வழியெல்லாம் கண்ணைத் திறக்கவே இல்லையாம். மறுபக்கம் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையைப் பிடித்தவள் இறங்கும்வரை விடவில்லையாம். அவர் ஒற்றைக் கையாலேயே சாப்பிட்டாராம். பிறகு அவளே போனை வாங்கினாள். "அண்ணனைப் பார்க்கணும்ங்கிற வேகத்துல ஏறிட்டேன்ங்க. இப்ப அந்த வேகம் இல்ல" என்றாள். "என்னைப் பார்க்கணும்னு வேகம் இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கு. ஆனா விமானம் ஏறுற அளவுக்கு இல்ல" என்றாள். பிறகு, "நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நான் வந்து என்ன பிரயோசனம்? எனக்குத்தான் உன்னைவிடப் பயமாச்சே?" என்றேன். "அதனாலதான் கூப்பிடுறேன். தனியா பயப்பட முடியலங்க" என்றாள்.

டிக்கெட் போட்டுவிட்டேன். நாளைக்குக் காலை விமானம். ஆகவே இனி ஏற மாட்டேன் என்று மேலே எழுதியதையும், அவளுக்கு இரும்பு நெஞ்சு என்று எழுதியதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். லுங்கிகளையும் திருப்பித் தர வேண்டியிருக்கும். கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். உட்காரச் சொல்லவும்.